கவுண்டரில் கேட்காத கேள்வி

‘எம்பஸி என்ன கிழித்தது?’ என்று ஒருமுறையாவது கேட்காத வளைகுடாத் தமிழரை நான் பார்த்ததில்லை. சவூதியில் ஸ்டோர்கீப்பராக இருந்த காலத்தில், வெள்ளிக்கிழமை பிரியாணியோடு சேர்த்து நானும் இதை மென்றிருக்கிறேன். பிறகு, பாஸ்போர்ட் இல்லாதவர் ஊர் திரும்ப எம்பஸி தரும் அவுட் பாஸ் வாங்கப் போகிறவர்களுக்குத் துணைபோக ஆரம்பித்தேன். ஃபாரம் நிரப்பத் தெரியும், கார் இருந்தது. வேறு தகுதி கிடையாது.

ராமநாதபுரம் பக்கத்துக்காரர் ஒருவர். ஆடு மேய்க்க வந்து, விசா கொடுத்த முதலாளியான கபீலிடமிருந்து ஓடிவிட்டார். ஆள் ஓடிப்போனான் என்று கபீல் ஹுரூப் புகார் கொடுத்துவிட்டான். பாஸ்போர்ட் அவன் பெட்டியில். சாராயம் காய்ச்சுகிற இடத்தில் இருந்தார் என்று கேம்ப்பில் ஒரு பேச்சும் உண்டு. டிக்கெட்டுக்குப் பணம் கேட்டுப் போனால், ஊர்க்காரர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, “ஆள் எப்படி?” தர்மம் செய்கிறவர்கள்தான். காசு கொடுக்கிறவருக்குக் கேட்க உரிமையும் இருக்கிறது.

எம்பஸி கவுண்டரில் அதைக் கேட்கவில்லை. அப்பா பெயர் என்ன, எந்த ஊர், எந்தப் போலீஸ் ஸ்டேஷன், பழைய பாஸ்போர்ட் ஜெராக்ஸ் இருக்கிறதா. அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்பாரே, அவ்வளவுதான். அலுவலர் முகத்தில் கருணை ஒன்றும் வழியவில்லை. எனக்கு அதுவே பெரிதாகப் பட்டது. கருணையை நம்பி நிற்பவன் நல்லவனாக நடித்தாக வேண்டும். இவருக்கு அந்தப் பாடு இல்லை. இப்படித் தவிக்கிறவர்களுக்கு உதவ 2009இல் தொடங்கிய இந்திய சமூக நல நிதியும் தூதரகச் சேவைகளுக்கு நம் ஆட்கள் கட்டும் சிறு கட்டணத்தில்தான் ஓடுகிறது. அது பிச்சை ஆகாது.

‘ஆள் எப்படி’ என்று கேட்காத இந்த உரிமையை ஓரம்வரை இழுத்துப் பார்த்தது லாகிராண்ட் வழக்கு. ஜெர்மானிய அண்ணன் தம்பி. 1982இல் அமெரிக்காவின் அரிசோனாவில் வங்கியில் கொள்ளையடிக்கப் போய் மேலாளரைக் கொன்றவர்கள். தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லலாம் என்பதைக் கைதானபோது யாரும் அவர்களுக்குத் தெரிவிக்கவில்லை. 1999இல் இருவருக்கும் மரண தண்டனை நிறைவேறியது. 1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு நாட்டுக்கு மட்டுமல்ல, பிடிபட்ட ஆளுக்கே உரிமை தருகிறது என்று சர்வதேச நீதிமன்றம் 2001இல் சொன்னது. கொலைகாரனுக்கும்தான்.

சரி, சொல்வதற்கு நாடே இல்லாதவன்? மக்காவில் தலைமுறைகளாக ரோஹிங்கியாக்கள் இருக்கிறார்கள். பர்மாவின் 1982 குடியுரிமைச் சட்டம் அவர்களைக் கைகழுவிவிட்டது. அவர்கள் எந்தக் கவுண்டரில் போய் அப்பா பெயரைச் சொல்வது? எங்கள் கம்பெனியில் காயல்பட்டினத்து ஹாஜியார் ஒருவர், அவரிடம் கேட்டேன். “படைச்சவனுக்குப் பாஸ்போர்ட் நம்பர் வேணாம் தம்பி” என்றார்.

“ஏர்போர்ட்டுல அவன் கையெழுத்து செல்லாதே, காக்கா” என்றேன். சிரித்துவிட்டார்.

செல்லுகிற கையெழுத்தைப் போட்டவர் ஒருவர் உண்டு. சியூனே சுகிஹாரா 1940இல் லித்துவேனியாவின் கௌனாஸில் ஜப்பானியத் துணைத் தூதர். டோக்கியோ சொன்னதைக் கேட்காமல், யூத அகதிகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விசாக்களைக் கையால் எழுதிக் கொடுத்தார். அவர்கள் அவருடைய நாட்டார் அல்லர். அவர் மனசைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். நான் முத்திரையையும் சேர்த்துப் புகழ்வேன். சைபீரிய ரயிலில் ஏற்றிவிட்டது அதுதானே.

நாடற்ற அகதிகளுக்கென்று 1922இல் நான்சென் பாஸ்போர்ட் என்று ஒன்று வந்தது. அப்படி ஒன்று திரும்ப வரட்டும் என்பது என் கட்சி. “அதுக்கும் ஒரு கவுண்டர் வேணும், உட்கார்ற ஆளுக்கு எந்த நாடு சம்பளம் கொடுக்கும்?” என்பது ஹாஜியார் காக்காவின் கட்சி.