அந்தத் துணிகளை இறக்கி வையுங்கள்!

உங்கள் வீட்டில் ஒரு கீபோர்டு இருக்கிறது. பிள்ளைக்காக வாங்கியது. மூன்று மாதம் வகுப்பு நடந்தது, நான்காம் மாதம் பரீட்சை வந்தது, அத்தோடு சரி. இப்போது அதன் மேல் இஸ்திரி போட்ட துணிகள் அடுக்கியிருக்கின்றன. அதைக் கடந்து போகும்போதெல்லாம் உங்கள் கண் ஒரு நொடி அங்கே நிற்கிறது. நாம் வாசித்தால் என்ன என்று மனசு கேட்கிறது. கேட்டு முடிப்பதற்குள் பதிலும் வந்துவிடுகிறது: "இந்த வயசுலயா?"

அந்தப் பதிலை முதலில் அடுப்பில் போடுங்கள்!

அதை யார் சொன்னது? டாக்டரா? உங்கள் விரல்களா? கைபேசியில் ஒரு நாளைக்கு ஆயிரம் எழுத்து தட்டுகிற விரல்கள், மூன்று கட்டைகளை ஒன்றாக அமுக்க மாட்டேன் என்று என்றைக்காவது சொன்னதுண்டா? தடுப்பது வயது இல்லை, கூச்சம். நாற்பது வருஷம் நல்ல பாட்டாகக் கேட்டுப் பழகிய காது நம்முடையது. விரலோ நேற்றுப் பிறந்த குழந்தை. விரல் தப்பாக ஒன்றைத் தொட்டதும் காது முகம் சுளிக்கிறது. சின்னப் பிள்ளைக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதற்குக் காதும் புதிது, விரலும் புதிது. ஆகையால் நாள் முழுக்கத் தப்பாக வாசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சாப்பிட வந்துவிடும்.

நான் தொடங்கியபோது எனக்கு நாற்பத்து மூன்று. முதல் வாரம் மகள் வந்து சொன்னாள்: "அப்பா, கதவைச் சாத்திட்டு வாசிங்க. கணக்கு வரமாட்டேங்குது." சாத்தினேன், நிறுத்தவில்லை. இதை வீரம் என்று சொல்ல மாட்டேன். எனக்கும் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டே வாசிக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இர்விங் பெர்லின் என்று ஒருவர். ரஷ்யாவிலிருந்து ஐந்து வயதில் நியூயார்க் வந்த ஏழைக் குடும்பத்துப் பையன். அப்பா இறந்ததும் படிப்பு நின்றது. உணவு விடுதியில் பாடிக்கொண்டே பரிமாறும் வேலை. கடை மூடிய பிறகு அங்கிருந்த பியானோவில் தானே தடவித் தடவிக் கற்றார். கைக்கு வசமானது பெரும்பாலும் கறுப்புக் கட்டைகள்தான், கடைசிவரை கிட்டத்தட்ட ஒரே சுருதியில்தான் வாசித்தார். வேறு சுருதி வேண்டும் என்றால், கட்டையின் கீழ் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் சுருதி மாறுகிற பியானோவை வைத்துக்கொண்டார். 'ஒயிட் கிறிஸ்துமஸ்' எழுதியவர் இவர். முறையாகக் கற்ற பிறகு பாட்டுக் கட்டலாம் என்று அவர் காத்திருந்தால், டிசம்பர் மாதமே கொஞ்சம் ஊமையாகியிருக்கும்.

சரி, எந்தப் பாட்டு? பீட்டில்ஸ் பாடிய 'லெட் இட் பி'. 1970 மார்ச்சில் வெளிவந்தது. பால் மெக்கார்ட்னியின் அம்மா மேரி தாதியாக வேலை பார்த்தவர். பாலுக்குப் பதினான்கு வயது இருக்கும்போது, 1956இல் இறந்துபோனார். பல வருஷம் கழித்து, குழுவுக்குள் மனக்கசப்பு மண்டிக் கிடந்த நாட்களில், அம்மா கனவில் வந்து ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல்தான் பாட்டு. எழுதியவருக்கு இன்றுவரை மேற்கத்திய இசைக்குறிப்பு எழுதவோ வாசிக்கவோ வராது. நீங்கள் மட்டும் இசைக்குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து ஏன் நடுங்குகிறீர்கள்?

துணிகளை இறக்கிவிட்டு உட்காருங்கள். இரண்டு கறுப்புக் கட்டைகள் ஜோடியாக நிற்கும் இடத்தைத் தேடுங்கள். அதற்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டைதான் 'ஸி'. நம் பாடகர்கள் 'ஒரு கட்டை சுருதி' என்கிறார்களே, அது இதுதான். அங்கே ச என்று வைத்துக்கொண்டு வெள்ளைக் கட்டைகளில் மட்டும் மேலே நடந்தால் கிடைப்பது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். லிவர்பூல்காரர் மெக்கார்ட்னியின் பாட்டுக்கும் தரை அதே வெள்ளைக் கட்டைகள்தான். சரணத்தையும் பல்லவியையும் வாசிக்க ஒரு கறுப்புக் கட்டைகூட அவசியமில்லை.

வலது கையால் ச, க, ப மூன்றையும் ஒன்றாக அமுக்குங்கள். அதுதான் முதல் கார்ட். அடுத்த கார்டுக்குக் கை தாவ வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். இங்கேதான் அழகு இருக்கிறது. ப மேல் இருக்கும் சுண்டுவிரல் அசையவே வேண்டாம். ச விரலைக் கீழே நிக்கும், க விரலை ரிக்கும் ஒரு கட்டை இறக்கினால் நி, ரி, ப. இரண்டாவது கார்ட் வந்துவிட்டது. மறுபடி முதல் இடத்துக்கு வந்து, இந்தத் தடவை சுண்டுவிரலை மட்டும் ஒரு கட்டை நகர்த்துங்கள்: ச, க, த. மூன்றாவது. அதிலிருந்து நடுவில் உள்ள க மட்டும் மவுக்குப் போனால் ச, ம, த. நான்காவது. முடிந்தது! கை இருந்த இடத்திலேயே இருக்கிறது, விரல்கள் மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகின்றன. உலகத்தையே உருக வைத்த பாட்டின் வாசல் இவ்வளவுதான்.

இடது கையில் ஒரு விரல் போதும். கார்டுக்கு ஒன்றாக ச, ப, த, ம. பிறகு ச, ப, ம, ச. சரணம் முழுக்க இதே சுற்று. கடைசி மவிலிருந்து சவுக்கு வரும் இடத்தில் மெக்கார்ட்னியின் கை ம, க, ரி, ச என்று படியிறங்கும். நான்கு படி. அதை முதன்முறை தவறாமல் இறங்கிய இரவில் எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்து சும்மா நின்றேன். வேறு எப்படிக் கொண்டாடுவது என்று தெரியவில்லை.

இரண்டு கையையும் முதல் நாளே சேர்க்காதீர்கள். வலது தனியாக மூன்று நாள், இடது தனியாக மூன்று நாள். சேர்க்கிற அன்று இரண்டும் பங்காளிச் சண்டை போடும். போடட்டும்! வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள், அதிலும் பாதியாகக் குறையுங்கள், ஆமை சிரிக்கிற அளவுக்குக் குறையுங்கள். தினம் பதினைந்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஆறு நாள் காணாமல் போகிறவர்களைக் கீபோர்டு மதிப்பதில்லை. இன்னொன்று, கோபமாகவே சொல்கிறேன்: 'பத்தே நிமிடத்தில் பியானோ' என்று யூடியூபில் நாற்பது வீடியோ பார்த்துவிட்டு ஒரு கட்டையைக்கூடத் தொடாமல் தூங்கப் போகிறீர்களே, அது கற்பது அல்ல. சமையல் வீடியோ பார்த்துவிட்டுப் பட்டினி கிடப்பது.

தப்பு வருமே என்கிறீர்கள். வரும். 1969 ஜனவரியில் படம் பிடித்த 'கெட் பேக்' ஆவணப்படக் காட்சிகளைப் பாருங்கள். சொற்கள்கூட முழுசாகச் சேராத இதே பாட்டை மெக்கார்ட்னி பல நாள் தட்டிக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஆட்கள் வேறு ஏதோ பேசிக்கொண்டிருப்பார்கள். 31ஆம் தேதி பதிவானது. பிறகு ரெக்கார்டாக வந்ததே, அதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். கிட்டார் தனிவாசிப்பு முடிந்து வரும் கடைசிச் சரணத்தில் பியானோவில் ஒரு கார்ட் பிசகும். எழுதியவரின் சொந்தக் கை. அந்தப் பிசகோடுதான் ரெக்கார்ட் கடைக்கு வந்தது, ஜனங்களும் கொண்டாடினார்கள். அவர் பிசகியபோது கை நிற்கவில்லை, அடுத்த கார்டுக்குப் போய்விட்டது. நீங்களும் போங்கள்! தப்பிய இடத்தில் நின்று ஒப்பாரி வைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறீர்களே, அந்தப் பழக்கத்தை இன்றோடு வெட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் நான்கு கார்ட் மட்டும் பளபளவென்று மெருகேறி, மீதிப் பாட்டு துருப்பிடித்துக் கிடக்கும்.

எனக்கு அந்தப் படியிறக்கத்துக்கு முன்னால் ஒரு தடுமாற்றம் உண்டு. ம கார்டுக்குக் கை போகும்போது அரை நொடி திகைக்கும். மூன்று மாதம் ஆகியும் போகவில்லை. ஒருநாள் காலை, மகள் பள்ளிக்கூடப் பையை அடுக்கிக்கொண்டே அந்தப் பாட்டை முணுமுணுத்தாள். அசல் பாட்டை அவள் கேட்டதே இல்லை, கதவு வழியாகக் கசிந்ததுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்த இடம் வந்ததும் அரை நொடி நின்றாள். பிறகு தொடர்ந்தாள். பாட்டே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.