நொண்டலும் வலியும்: குதிரைக் குளம்பை முன்வைத்து

குதிரை நொண்டுவது கண்ணுக்குத் தெரியும். அதற்கு வலிக்கிறது என்பதை ஊகிக்கத்தான் முடியும். இரையாகும் விலங்காக உருவான குதிரை தன் வலியை இயன்றவரை மறைக்கும், ஏனெனில் தளர்ந்த விலங்கையே ஓநாய் முதலில் குறிவைக்கும். பிற உயிரின் வலியை எப்படி அறிவது என்ற பழைய தத்துவக் கேள்வி, குதிரை மருத்துவத்தில் அன்றாட வேலையாகவே இருக்கிறது.

மருத்துவர் முதலில் நடையைப் பார்க்கிறார். கெட்டித் தரையில் மெல்ல ஓடவிட்டால், முன்னங்கால் ஒன்றில் வலியுள்ள குதிரை அந்தக் காலை ஊன்றும்போது தலையைத் தூக்கும். நல்ல காலை ஊன்றும்போது தாழ்த்தும். அடுத்து, குளம்பு சுடுகிறதா, பாதத்துக்குச் செல்லும் நாடி ஓங்கித் துடிக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார். இடுக்கியால் குளம்பை அங்கங்கே அழுத்தி, எந்த இடத்தில் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறது என்று கவனிக்கிறார். காது பின்னோக்கி விறைப்பது, கண்ணைச் சுற்றி இறுகுவது முதலான ஆறு முகக்குறிகளை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றும் 2014இல் வெளிவந்தது.

இவை யாவும் வெளியிலிருந்து பார்த்தவை. 1637இல் விலங்குகளை இயந்திரங்களோடு ஒப்பிட்டு எழுதியவர் தத்துவவாதி டெக்கார்ட். அவர் வழிவந்தவர்கள் சிலருக்கு அந்தத் தலையசைவு பொறியின் அசைவு மட்டுமே. மரப்பு ஊசிச் சோதனை இந்த வாதத்தை வேறொரு கட்டத்துக்கு நகர்த்துகிறது. குதிப்பக்க நரம்பருகே மருந்தைச் செலுத்தி, சில நிமிடம் கழித்துக் குதிரையை மீண்டும் ஓடவிடுகிறார்கள். நொண்டல் மறைந்தால் கோளாறு பாதத்தில் என்று கொள்வார்கள். மறையாவிட்டால் காலில் இன்னும் மேலே தேடுவார்கள். தசை தழும்பேறி இறுகியதால் வரும் நொண்டல் இந்த ஊசிக்கு மாறாது. வலியால் வருவதே மாறும். கம்பியை அறுத்தால் பொறியும்தான் நிற்கும் என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். தர்க்கப்படி அதை முறியடிக்க முடியாது. ஆனால் பல் மருத்துவரின் நாற்காலியில் அமர்ந்திருக்கும் மனிதனுக்கும் அதே வாதம் பொருந்தும். அவனிடம் யாரும் அதைச் சொல்வதில்லை.

சிகிச்சையில் எல்லாமே சிக்கலானவை அல்ல. திடீரெனக் கால் ஊன்ற முடியாமல் போவதற்கு அடிக்கடி காரணமாவது குளம்புக்குள் கட்டும் சீழ்; அதைத் திறந்து வடித்தால் குதிரை பெரும்பாலும் விரைவில் தேறிவிடும். நேவிகுலர் எனப்படும் நாட்பட்ட குதிவலி அப்படியல்ல. குளம்பைச் சீவித் திருத்துவது, ஏற்ற லாடம் அடிப்பது, வலிமருந்து கொடுப்பது எதுவும் பலிக்காதபோது சிலர் குதியின் நரம்பையே வெட்டிவிடுகிறார்கள். வலி போகிறது; நோய் உள்ளே தொடர்கிறது. ஆணி தைத்தாலும் குதிரைக்குத் தெரியாது. மேய்ச்சலில் ஓய்ந்திருக்கும் கிழக்குதிரைக்கு இது கருணையாகலாம். பந்தயத்துக்குத் திருப்பி அனுப்புவதற்காகச் செய்தால் காவல்காரனின் வாயைக் கட்டுவதே ஆகும். உணர்விழந்த காலோடு போட்டியிடுவதைச் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிகள் தடுப்பது சரியே.

லேமினைடிஸ் இன்னும் கடுமையானது. குளம்பின் சுவரோடு உள்ளெலும்பைப் பிணைத்திருக்கும் இழைகள் பழுதாகி, உடலின் பாரத்தால் எலும்பு திரும்பும் அல்லது கீழிறங்கும். இன்சுலின் மிகுந்த, கொழுத்த குதிரைகளுக்குச் சர்க்கரைச் சத்து மிக்க புல் ஆபத்து. தொடக்கத்திலேயே குளம்பைப் பனிக்கட்டியில் குளிர்விப்பதும் உள்ளங்காலுக்குத் தாங்கல் கொடுப்பதும் உதவும். ஒரு கால் முறிந்தால் பாரம் சுமக்கும் மறுகாலிலும் இது வரலாம். 2006 கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோ என்ற பந்தயக் குதிரை அடுத்த பெரிய பந்தயமான பிரீக்னஸில் வலப் பின்னங்காலை முறித்துக்கொண்டது. அறுவைக்குப் பின் முறிவு தேறிவந்தது. ஆனால் இடப் பின்னங்காலிலும் பிறகு முன்னங்கால்களிலும் லேமினைடிஸ் பற்றியது. 2007 ஜனவரி 29 அன்று அது கருணைக்கொலை செய்யப்பட்டது.

உயிரை முடித்துவைப்பது அகிம்சையாகுமா? 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் தீராத நோயில் துடித்த கன்றுக்குக் காந்தி ஊசி போடச் சம்மதித்தபோது கண்டனக் கடிதங்கள் குவிந்தன. கர்மத்தை அந்தந்த உயிரே கழிக்க வேண்டும், குறுக்கிடுபவனைக் கொலைப்பாவம் சேரும் என்பது சமண மரபில் வேரூன்றிய வாதம். காந்தி நான்கு நிபந்தனைகள் வைத்தார்: நோய் தீராதது, எல்லோரும் நம்பிக்கை இழந்தது, எந்தப் பணிவிடையாலும் பயனில்லாதது, நோயாளி தன் விருப்பத்தைச் சொல்ல இயலாதது. குதிரைக்கு நான்காவது எப்போதும் பொருந்தும். எலும்பு உள்ளங்காலைத் துளைத்துவிட்டதா, மருந்துக்கும் அடங்காமல் படுத்தே கிடக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பது மற்ற மூன்றுக்காக. உரிமையாளரிடம் பணம் தீர்ந்துபோவது அந்த நான்கில் இல்லை. கொட்டிலில் பல நேரம் முடிவு செய்வது அதுதான்.