விதி என்று சொல்லிவிடலாமா?

ஆலைக்கு அடித்தளம், தெருவுக்குக் குழாய், வீட்டுக்குக் கழிவுநீர்த் தொட்டி என்று, கடம்பத்தூர் தொடங்கிக் கும்மிடிப்பூண்டி வரையிலும் மண் தோண்டும் வேலை ஓய்வதில்லை. பள்ளம் சரிந்து ஒருவர் மாண்டால், “அவருடைய விதி” என்று கூறி ஆறுதல் அடைகிறோம். தமிழில் விதி என்பது ஊழையும் குறிக்கும், கட்டளையையும் குறிக்கும். கட்டளையை மீறியவர் ஊழின் பின்னால் ஒளிந்துகொள்ள இச்சொல் எவ்வளவு வசதியாகிவிட்டது!

2022 ஜூனில் மதுரை விளாங்குடியில் பாதாளச் சாக்கடைப் பணிக்கான பள்ளத்தில் மண் சரிந்து ஒரு தொழிலாளி உயிரிழந்தார். இத்தகைய சாவுகளைத் தடுக்கும் வழி எவருக்கும் தெரியாததன்று. மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதிகள் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. 1.5 மீட்டரோ அதற்கு மேலோ ஆழமுள்ள பள்ளத்தின் பக்கங்களைச் சரிவாக வெட்டவேண்டும். இல்லையேல் பலகை அடைத்து முட்டுக் கொடுக்கவேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பை ஒட்டிக் குவிக்கலாகாது. ஏறிவர ஏணி வேண்டும். ஒரு கனமீட்டர் மண் ஏறத்தாழ ஒன்றரை டன் எடையுள்ளது. மார்புவரை புதைந்தவர், தலை வெளியே இருந்தும் மூச்சுவிட இயலாமல் இறக்கக்கூடும்.

விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரம் பள்ளத்தைப் பற்றியே பேசுகிறது. ஒருவர் குழி வெட்டி மூடாமல் விட, அதில் பிறருடைய மாடு விழுந்து செத்தால், குழிக்கு உரியவரே ஈடு செய்யவேண்டும். அவருக்குத் தீய எண்ணம் இருந்ததா என்று அச்சட்டம் கேட்கவில்லை. மாட்டுக்கே இந்நீதி என்றால், இறைச்சாயலாகப் படைக்கப்பட்ட மனிதருக்கு?

“பலகைக்குச் செலவாகும், நாளாகும், வேலையாட்களே வேண்டாம் என்கிறார்கள்” என்பது வழக்கமான மறுமொழி. மறுநாள் வேலை கிடைக்குமோ என்று அஞ்சுபவரின் சம்மதம் முழுமையான சம்மதமன்று. உழைப்பு மனிதருக்காகவே, மனிதர் உழைப்புக்காக அல்லர் என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் தம் சுற்றுமடலில் கற்பித்தார்.

சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெண்மர் மாண்டபோது, இறந்தவர்கள் பெரும் பாவிகள் என்னும் எண்ணத்தை இயேசு மறுத்தார். உயிரோடிருந்தோரையே மனம் மாற அழைத்தார். அவ்வழைப்பு ஒப்பந்தக்காரருக்கு மட்டுமன்று. குறைந்த கூலி கேட்டவரையே வேலைக்கு அமர்த்தும் நமக்கும், கோயில் கட்டும் பங்குத்தந்தையருக்கும் உரியது.

“கொலை செய்தேனா?” என்று ஆன்ம சோதனையில் கேட்டுவிட்டு, இல்லை என்று எளிதில் கடந்துவிடுகிறோம். இனி இன்னொன்றையும் கேட்போம்: என் பணத்தில் வெட்டிய பள்ளத்துக்குள் ஒருவர் இறங்குமுன், முட்டுக் கொடுத்தாயிற்றா என்று நான் எட்டிப் பார்த்தேனா?