சொப்புக்குள் ஒரு பகல்

அடுக்களையில் அம்மா உலை வைக்கும்போது நாங்கள் திண்ணையில் சொப்புச் சாமான்களைப் பரப்புவோம். கட்டைவிரல் உயரக் குடம், ஒற்றை ரூபாய் அகலத்தில் தோசைக்கல், மண்ணை அரிசியாக நிரப்பிய பானை. பொழுது விடியும், சமையல் நடக்கும், விருந்தாளி வருவார், பந்தி முடியும். "இப்ப ராத்திரி, எல்லாரும் தூங்குங்க" என்பாள் பெரியம்மா மகள். கண்ணை மூடித் திறந்தால் மறுநாள். அப்படி இரண்டு நாள் வாழ்ந்து முடித்த பிறகுதான் உள்ளேயிருந்து கஞ்சி வடிக்கும் வாசனை வரும்.

அதைப் பிள்ளை விளையாட்டு என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைத் துறையைச் சேர்ந்த ஆல்டன் டிலாங் செய்த ஆய்வைப் பற்றிப் படித்தபோது அந்தத் திண்ணை மறுபடி கண்ணில் வந்து நின்றது. அறை ஒன்றை 6-ல் ஒரு பங்கு, 12-ல் ஒரு பங்கு, 24-ல் ஒரு பங்கு என்று சிறிய மாதிரிகளாகச் செய்துவைத்தார் அவர். அந்தந்த அளவுக்குக் குட்டி மனித உருவங்களும் உண்டு. பார்ப்பவர்கள் தங்களை அந்த உருவமாகவே பாவித்து அறைக்குள் புழங்க வேண்டும். அரை மணி ஆனதாகத் தோன்றும்போது சொல்ல வேண்டும். அறை சுருங்கிய அதே விகிதத்தில் நேரமும் சுருங்கியது. 12-ல் ஒரு பங்கு அறையில் அவர்கள் உணர்ந்த அரை மணி, கடிகாரத்தில் ஏறக்குறைய இரண்டரை நிமிடம்தான். 1981-இல் 'சயன்ஸ்' இதழில் இந்த முடிவு வெளியானது.

வெறுமனே பார்க்கச் சொல்லாமல், உள்ளே போய்ப் புழங்கச் சொன்னாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. என் கைப்பேசித் திரையும் சிறியதுதான். ஆனால் அதில் இரண்டு மணி நேரம் போன தடமே தெரிவதில்லை. அங்கே நான் எதற்குள்ளும் குடியேறுவதில்லை, விரலால் தள்ளிக்கொண்டே போகிறேன்.

போன வருடம் இடுப்பெலும்பு முறிந்து அம்மா நான்கு மாதம் படுக்கையில் இருந்தாள். அவளுக்கு ஒரு ஜன்னல், அதில் தெரியும் ஒரு முருங்கைமரம், அவ்வளவுதான் உலகம். பாவம், பகல் முழுக்க எப்படித்தான் போகுமோ என்று தவிப்பேன். அலுவலகத்திலிருந்து வந்து, "என்னம்மா பண்ணின?" என்று கேட்டால் அவள் ஆரம்பிப்பாள்: "காலையிலேருந்து அந்த அணில் தேங்காய் நாரை இழுத்துட்டுப் போகுதுடி. எட்டு நடை ஆச்சு. ஒரு தடவை நார் கொம்புல சிக்கிக்கிச்சு. விட்டுட்டுப் போயிடும்னு பார்த்தேன், திரும்பி வந்து எடுத்துட்டுத்தான் போச்சு." சொல்லி முடிக்க அரை மணி ஆகும். "உனக்கு இன்னைக்கு எப்படிடி போச்சு?" என்று அவள் கேட்கும்போது எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. இருபது கிலோமீட்டர் போய், மூன்று கூட்டங்களில் உட்கார்ந்து, இருபது கிலோமீட்டர் திரும்பி வந்திருப்பேன்.

வயதாக ஆக நாள்கள் ஓடுகின்றன என்று எல்லோரும் சொல்கிறோம். நான் என் நாள்களைப் பெரிய படியால் அளந்துகொண்டிருந்தேன்: மாதத் தவணை, பிள்ளையின் பரீட்சை, வீட்டுக்கடன் முடியும் வருடம். அந்தப் படியில் ஒரு பகல் அடியில் ஒட்டிய நாலு நெல்மணிதான். அம்மாவின் படி அணிலின் நடை. அவளுக்குப் பகல் நிரம்பி வழிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியைக் கூடத்திலேயே வைத்துவிட்டு அவள் கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். "அந்த ரெண்டாவது கிளையைப் பாரு, அங்கேருந்துதான் வரும்" என்றாள். வந்தது.