பாலை நிலத்து நீர்

கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்திலே பாரூத் ஸ்தூபியின் கல்வேலியைக் காண்போர், புத்த பெருமானின் முற்பிறப்புக் கதைகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லிற் செதுக்கப்பட்டிருத்தலைக் கண்டு வியப்பர். பாலி மொழியிலுள்ள 547 ஜாதகக் கதைகளில் முதலிரண்டும் பாலைவனப் பயணத்தைக் கூறுகின்றன. அவற்றைச் சேர்த்து நோக்குங்கால் ஒரு வினா எழுகின்றது: ஒன்றை நம்புவதற்கும், நம்பிச் செயற்படுவதற்கும் இடையே நாம் செய்யவேண்டுவது யாது?

முதற் கதையில், நனைந்த ஆடையும் தாமரை மலர்களுமாக ஒரு யக்கன் தோன்றி, "அப்பால் பெருமழை பெய்கின்றது, நீர்ச்சாடிகளைச் சுமப்பானேன்?" என்று வணிகன் ஒருவனிடம் கூறுகிறான். நம்பிய வணிகன் நீரைக் கொட்டினான். தன் கூட்டத்தாரோடு யக்கர்க்கு இரையானான். பின்வந்த போதிசத்துவரோ, "மழைக்காற்று உங்கள்மேல் வீசிற்றா? மின்னலைக் கண்டீர்களா? இடியோசை கேட்டீர்களா?" எனத் தம்மவரை வினவினார். எவரும் ஆமென்றிலர். சாடிகள் கவிழவில்லை, அனைவரும் கரைசேர்ந்தனர்.

இரண்டாம் கதை நுட்பமானது. அதில் நீரைக் கொட்டச் சொன்னவர் போதிசத்துவரே! அவ்விரவோடு மணல்வெளி முடிந்துவிடுமென நம்பினார். விண்மீன் நோக்கி வழிகாட்டுவோன் உறங்கிவிட, எருதுகள் திரும்பிப் பழைய இடத்துக்கே வந்தன. அங்கு ஏமாற்றிய யக்கன் எவனுமில்லை. 'முடிவு அண்மையில்' என்ற எண்ணமே ஏமாற்றியது. எனினும் அவர் சோர்ந்து கிடந்தாரல்லர். விடியற்குளிரில் நடந்து தேடிப் புற்புதரொன்றைக் கண்டார். அடியில் நீரின்றேல் அது தழையாதெனத் தெளிந்து, 60 முழம் தோண்டச் செய்தார். பாறை தடுத்தபோது தாமே குழியில் இறங்கிச் செவிவைத்துக் கேட்டார், நீரோசை கேட்டது. மற்றவர் மனந்தளர்ந்தபின், ஏவலிளைஞன் ஒருவன் சம்மட்டியால் அடிக்கப் பாறை பிளந்து நீர் எழுந்தது.

வங்கமோ ஆறுகளின் நாடு. அதற்கு இக்கதைகள் எதற்கு எனலாம். குளத்துநீரால் வரும் நோய்களுக்கு அஞ்சிய மக்களுக்கு அங்கே குழாய்க் கிணறுகள் அடைக்கலமாயின. 1983ஆம் ஆண்டில், கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த மருத்துவர் கே. சி. சாகா, கிராமத்தார் சிலரின் தோலிற் கண்ட நோய்க்கு அக்கிணற்று நீரிலிருந்த ஆர்செனிக் என்னும் நஞ்சே காரணமெனக் கண்டார். அது நிலத்தடியில் இயற்கையாய் உள்ளது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை, கொதிக்கவைத்தாலும் நீங்காது. ஒரு கிணறு நஞ்சாயிருக்க, அடுத்த கிணறு நன்றாயிருத்தலும் உண்டு. சோதித்தாலன்றித் தெரியாது.

கிணறு தோண்டியோரின் கருணையில் நாம் குறைகாணோம். ஆயினும் ஆராய்ச்சியற்ற கருணை, தெளிந்த நீரில் நஞ்சை ஊட்டவும் கூடும். பிறர் தாகத்தையும் தம் தோளிற் சுமப்பவர்க்கு விழிப்பு இருமடங்கு கடமையாகும். புதுநீரை அறியும்வரை கைச்சாடியைக் கவிழாதிருப்போம். பிழை நேரின், குழியில் முதலில் இறங்குவோர் நாமாகவே இருப்போம்.