யார் கணக்கில்

இரண்டு வருஷங்களாக நான் சாப்பிட்டுவந்த மாத்திரை, 2022 அக்டோபருக்குப் பிறகு நியூ ஜெர்ஸியில் எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. ஆம்ஃபெடமீன் உப்புகள் கலந்த ஆடராலுக்குத் தட்டுப்பாடு என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை அந்த மாதம் அறிவித்திருந்தது. டாக்டர் மெதில்ஃபெனிடேட்டுக்கு மாற்றினார். இரண்டும் ஊக்கிகள்தாம். டோபமைன், நார் அட்ரினலின் இரண்டையும் நரம்பு முனை திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் புதியது தடுக்கிறது. பழையது அதோடு நில்லாமல் அவற்றை உள்ளிருந்து வெளியே தள்ளவும் செய்கிறது. மில்லிகிராமுக்கு மில்லிகிராம் ஈடு கிடையாது. யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. குறைந்த அளவில் தொடங்கி, மெல்ல ஏற்றி, "எப்படி இருக்கிறது?" என்று சாப்பிடுகிறவனையே கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வி எனக்குப் பெரிய பிரச்னையாகிவிட்டது. எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டியவன் யார்?

நாற்பத்திரண்டு வயதுவரை எதையும் முடித்தறியாதவன் நான். பழைய மாத்திரையில் ஒரு நாவலை முழுதாக மொழிபெயர்த்து முடித்தேன். புதியதை ஒரு நாளைக்கு இரண்டு வேளை சாப்பிட்டேன். ஒவ்வொன்றும் சுமார் நாலு மணி நேரம் தாங்கும். இறங்கும்போது ஒரு எரிச்சல் வரும். இரண்டாவது இறங்குகிற மூன்றரை மணிக்குத்தான் மகள் பள்ளியிலிருந்து வருவாள். ஒருநாள் அவள் வரைந்த படத்தைக் காட்ட வந்தபோது கையைத் தட்டிவிட்டேன். காகிதம் கிழிந்தது. அன்றிரவு மனைவியிடம், "அது நான் இல்லை, மாத்திரை இறங்குகிற நேரம்" என்றேன். "அப்ப நாவலை மொழிபெயர்த்தது யாரு?" என்று கேட்டாள். கோபமில்லாமல்தான் கேட்டாள்.

வரவை என் பெயரிலும் செலவை மருந்தின் பெயரிலும் எழுதிவந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரே மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்வரை இந்தக் கணக்கு வெளியே தெரிவதில்லை. மருந்தை மாற்றும்போது, ஒரே பெயரில் நடமாடும் இருவரை அடுத்தடுத்துப் பார்க்க நேர்கிறது. அவர்களில் நமக்குப் பிடித்தவனை 'நான்' என்று வைத்துக்கொள்கிறோம்.

குழந்தைகள் இதில் நேர்மையானவர்கள். 1937இல் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர், முதுகுத்தண்டு நீரை எடுத்துச் செய்த சோதனையால் தலைவலி கண்ட குழந்தைகளுக்கு, அது தீருமென்று பென்ஸெட்ரின் கொடுத்துப் பார்த்தார். தலைவலி போகவில்லை, பாடம் ஓடத் தொடங்கியது. அவர் எழுதிய 30 குழந்தைகளில் 14 பேரிடம் பள்ளி வேலையில் பெரிய மாற்றம். குழந்தைகள் அதற்கு வைத்த பெயர் கணக்கு மாத்திரை. கணக்குப் போட்ட பெருமையை மாத்திரைக்கே கொடுத்துவிட்டார்கள்.

பெரியவர்கள் அப்படிக் கொடுப்பதில்லை. கணித மேதை பால் எர்டோஷ், 1971இல் தாயார் இறந்தபின் ஊக்கி மாத்திரைகளை விடாமல் சாப்பிட்டுவந்தவர். 1979இல் நண்பர் ரோனால்ட் கிரஹாம், ஒரு மாதம் நிறுத்த முடியுமா என்று 500 டாலர் பந்தயம் கட்டினார். எர்டோஷ் நிறுத்திக் காட்டினார். பணத்தை வாங்கிக்கொண்டு, கணிதம் ஒரு மாதம் பின்தங்கிப்போயிற்று என்று குறைப்பட்டார். மறுபடி மாத்திரைக்குத் திரும்பினார். அவரது நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால், அந்த மாதத்தை வீண் என்று எடைபோட எந்தத் தராசு பயன்பட்டது? மாத்திரையோடு எழுதிய பக்கங்கள்தாம் அதில் எடைக்கல். வெற்றுக் காகிதத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்த ஒரு மாதத்து மனிதனுக்கு வேறு ஏதேனும் தெரிந்திருந்தால், அதைச் சொல்ல அவனுக்கு வாய் இல்லை.

என் நிலையும் அதுவே. பழைய மாத்திரையில் இருந்தவனைக் கேட்டால் பழையதே மேல் என்பான். ஆறு மணி நேரம் தலை நிமிராமல் எழுதியதை அவன் சாதனை என்பான். அந்த ஆறு மணி நேரத்தில் மகள் எத்தனை தரம் கதவருகே வந்து நின்றுவிட்டுப் போனாள் என்பது அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

இந்த வியாதிக்குத் தமிழில் கவனக்குறைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விபத்து வழக்கில் லாரி டிரைவர்மீது சொல்கிற குற்றத்துக்கும் அதுவே பெயர். முதலில் இது எனக்கு அநியாயமாகப் பட்டது. இப்போது அவ்வளவு தவறாகப் படவில்லை. கவனம் என்றால் தமிழில் குவிதல் மட்டுமில்லை. நோயாளியைக் கவனித்துக்கொள்கிறோம், விருந்தாளியை நன்றாகக் கவனித்தார்கள் என்கிறோம். மருந்து எனக்கு முதல் கவனத்தைக் கொடுத்தது. இரண்டாவதைக் கொடுப்பது அதன் வேலை இல்லை; அது இல்லாதபோது பழியை ஏற்பதும் அதன் வேலை இல்லை.

அதனால் மருந்து வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது இல்லாத நாற்பத்திரண்டு வருஷங்களை நான் அறிவேன். அதில் புனிதம் ஒன்றுமில்லை. நாவலை மொழிபெயர்த்ததும் நான், படத்தைக் கிழித்ததும் நான் என்று ஒரே பேரேட்டில் எழுதிக்கொள்கிறேன், அவ்வளவுதான். அடுத்த முறை டாக்டரிடம் மனைவியையும் அழைத்துப்போனேன். "எப்படி இருக்கிறது?" என்றபோது அவளைப் பார்த்தேன். அவள் சொன்னாள். டாக்டரின் சம்மதத்தோடு இரண்டாவது வேளையை நிறுத்திவிட்டேன். இப்போது மாத்திரை இறங்குவது பன்னிரண்டு மணிக்கு, வீட்டில் யாரும் இல்லாதபோது. அடுத்த நாவல் அறுபதாம் பக்கத்தில் நிற்கிறது.