கோயிற்சொத்தும் சட்டப் பாவனையும்

திருக்கோயில் நிலத்தைப் பிறர் கவர்ந்தவழி அதனை மீட்டற்குத் தொடுக்கப்பெறும் வழக்கில், வாதியின் பெயராக ஆண்டு எழுந்தருளியிருக்கும் மூர்த்தியின் திருநாமமே வரையப்படுதலை அன்பர் பலர் கண்டிருப்பர். "எங்கும் நிறைந்த முழுமுதலை நீதிமன்றத்தில் ஓர் ஆளாக நிறுத்துதல் சிவநிந்தை ஆகாதோ?" என அன்பர் ஒருவர் எம்மை வினவினார். வினா எளிதன்று, ஆதலின் சிறிது ஆராயப்புகுவாம்.

உள்ளதன்று என யாவரும் அறிந்த ஒன்றை, ஒரு பயன் கருதி, உள்ளதேபோல வைத்துச் சட்டம் நடத்துதலைச் சட்டப் புனைவு என்பர். உரோமர்பால் இது பெரிதும் வழங்கிற்று. பகைவர் கையிற் சிறைப்பட்ட உரோமன் அடிமையாவான். அடிமையாய் இறந்தான் முன்னர் எழுதிவைத்த மரண சாசனம் செல்லாது. கி.மு. முதல் நூற்றாண்டிற் சுல்லா காலத்துக் கொர்நேலியச் சட்டத்தின் வழியே, அவன் சிறைப்பட்ட கணத்திலேயே, உரோமனாகவே இறந்தான் எனக் கொள்ளப்பட்டது. பின்னும் பல்லாண்டு அவன் விலங்கோடு வாழ்ந்திருத்தல் கூடும். அஃது எல்லாரும் அறிந்ததே. ஏமாற்றப்பட்டார் ஒருவரும் இலர். சாசனம் மட்டும் பிழைத்தது.

பின்னர் இந்திய அரசாங்கத்தின் சட்ட உறுப்பினராகவும் அமர்ந்த ஹென்றி மெயின், 1861-இல் வெளியிட்ட 'பண்டைச் சட்டம்' என்னும் நூலில், மக்கள் வாழ்க்கை முன்னே செல்லச் சட்டம் பின்தங்குகின்றதென்றும், அவ்விடைவெளியை நிரப்பும் கருவிகளுள் முதலிற் றோன்றியது புனைவே என்றும் கூறினார். பெந்தாமோ இவற்றைப் பொய்யென்றே கடிந்தார். கடிதற்கு இடமும் இருந்தது. ஆங்கில நாட்டில் நில வழக்கொன்று தொடுப்பதற்கு ஜான் டோ, ரிச்சர்ட் ரோ என்னும் இல்லாத மனிதர் இருவர் வேண்டியிருந்தனர். 1852-இற்றான் அவ்விருவரும் விடைபெற்றனர்.

நம் நாட்டிலோ இம்முறை புதிதன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிற் சிவன்கோயில் நிலங்கள் ஆதிசண்டேசுவரர் பெயரால் வாங்கவும் விற்கவும் படுதலைக் காண்கின்றோம். இன்றும் அவர் சந்நிதியில் வெறுங்கையைக் காட்டிச் செல்கின்றோம். சிவன்சொத்து யாதும் கொண்டேகவில்லை என்பதற்கு அதுவே கணக்கொப்புவிப்பு.

இனி, 1925-இல் பிரிவி கவுன்சிலார் தீர்த்த கல்கத்தா வழக்கொன்றைக் காண்க. ஒரு குடும்பத்தார் முறைவைத்துப் பூசித்துவந்த மூர்த்தியைத் தம் முறைக்காலத்தே தம் மனைக்கு எடுத்துச்செல்ல ஒருவர் உரிமை கோரினார். மூர்த்தி கைமாறத்தக்க வெறும் பொருள் என்னும் கொள்கையை அம்மன்றத்தார் ஏற்றிலர். மூர்த்தி சட்டத்தின்முன் ஓர் ஆள். எங்கு எழுந்தருளுதல் வேண்டும் என்பதில் அதற்கும் ஒரு திருவுளம் உண்டு. அதனைச் சார்பற்ற ஒருவர் வாயிலாகக் கேட்டல் வேண்டும் எனத் தீர்த்தனர். அம்மூர்த்தி அந்நியர் மன்றத்தில் ஆளெனப் பெயர்பெற்றமையாற் குறைவுற்றதோ? அன்று. பூசிப்பவர் கையே கட்டுண்டது.

அற்றேல், பொய்யினின்று மெய்ப்பயன் விளையுமோ எனின், விளையும் என்க. விடந் தீர்க்கும் மாந்திரிகன் தன்னைக் கருடனாகப் பாவிக்கின்றான், விடம் நீங்குகின்றது. சிவஞான சித்தியார் ஒன்பதாஞ் சூத்திரத்துட் கருட தியானம் உவமையாக வருதலை அன்பர் அறிவர். மாந்திரிகன் கருடன் ஆயினானல்லன். விடம் நீங்கியதும் பொய்யன்று. ஆயின், விடம் இறக்கியபின்னும் தான் கருடனே என மயங்கி மரக்கொம்பினின்று பறக்கப் புகுவானேல் அவன் கால் முறியும்.

சட்டப் பாவனைக்கும் இம்மயக்கம் நேர்வதுண்டு. பிறப்பிறப்பில்லாப் பெருமானை 'என்றும் மைனர்' என நம் நீதிமன்றங்கள் வழங்கிவருதல் அத்தகையது. சொத்தைக் காப்பார் அதனைத் தம் விருப்பிற்கு விற்றலாகாது என்னும் அளவிற்கு அப்பாவனை நன்றே. அதனையே வேறொன்றிற்கு நீட்டி, மைனர்க்குரிய காலவரையறைச் சலுகையும் மூர்த்திக்கு உண்டு என வாதித்தாரும் உளர். அயோத்தி வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றிலது. அவ்வாறு மறுத்தது சரியே என்பது எம் கருத்து. சலுகையை நாடுவோர் கடமையை மறத்தலும் இயல்பு. மூர்த்தி ஆள் எனின் வருமான வரியும் உண்டென 1969-இல் அம்மன்றமே தீர்த்துள்ளது. அத்தீர்ப்பிற் போற்றத்தக்க தெளிவொன்று உளது: சட்டம் ஆள் எனக் கொண்டது கல்லையும் அன்று, பரம்பொருளின் சொரூபத்தையும் அன்று, அறஞ்செய்தான் கருத்திற்கு அடையாளமாய் நிற்கும் மூர்த்தியையே.

அன்பர் வினாவிற்கு விடை இதன்கண் உளது. திருமேனியில் இறைவன் எழுந்தருளியிருத்தல் நமக்குப் புனைவன்று, மெய்ம்மை. சட்டம் அம்மெய்ம்மையைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. கொடுத்தவன் இறந்தபின்னும் அவன் கொடை கேட்பாரற்றுப் போகாதபடி ஒரு பெயரை நாட்டுகின்றது. ஆகலின் நிந்தையில்லை. உண்மையிற் புனைவு எது என ஆராயின், 'எனது' என்று நாம் எழுதிக்கொள்ளும் பத்திரங்களே அப்பெயர்க்கு உரியன. அவ்விவகாரம் எந்நீதிமன்றத்திற்கும் உரியதன்று.

அந்நாளைத் தஞ்சை மாவட்டத்துப் பத்தூர்ச் சிவாலயம் பன்னிரண்டாம் நூற்றாண்டினது. இடிந்து பூசையற்றுக் கிடந்தது. அங்கே மண்ணிற் புதைந்திருந்த நடராசத் திருமேனி 1976-இல் வெளிப்பட்டு, கடல்கடந்து, 1982-இற் கனடா நாட்டு வணிகக்குழு ஒன்றால் நன்னம்பிக்கையோடே வாங்கப்பட்டது. இலண்டன் மாநகர்க் காவலர் அதனைக் கைப்பற்ற, வழக்கு எழுந்தது. கேட்போர் யாவர்? அரசினரும் பிறரும் நின்றனர். அவரோடு அவ்விடிந்த கோயிலும், அவ்விடத்தே கிடைத்துப் பூசையில் மீள வைக்கப்பெற்ற சிவலிங்கமும் வாதிகளாய் நின்றன. கோயிலை ஆளெனக் கொள்ளும் வழக்கம் ஆங்கிலச் சட்டத்திற்கு இல்லை. எனினும், கோயிலைக் கட்டியவனுடைய அறக்கருத்து இன்னும் இறவாது சிவலிங்கத்தின்கண் உருக்கொண்டு நிற்கின்றது என முதல் மன்றத்து நீதிபதி 1988-இல் உரைத்தார். மேல்மன்றம் 1991-இற் கோயிலின் வழக்காடும் உரிமையை ஒப்பியது. அவ்வாண்டே கூத்தப்பெருமான் தமிழ்நாடு மீண்டருளினார்.